உள்ளங்கையில் ஒரு சொட்டு

எதிர்வீட்டு சார் ‘அஞ்சு நிமிஷம்’ என்றால் குறைந்தது இருபத்தைந்து நிமிடம். இது எனக்குப் பிடிபட இரண்டு வருடம் ஆனது. அதற்குள் இரண்டு ரயில்களையும், பல் டாக்டரிடம் வாங்கியிருந்த ஒரு அப்பாயின்ட்மென்ட்டையும், என் மைத்துனன் நிச்சயதார்த்தத்தில் தட்டு மாற்றியதையும் தவறவிட்டிருந்தேன். எல்லாம் ஒரு டம்ளர் எலுமிச்சம்பழ ஜூஸால்.

கைலாசபுரத்துத் தொழிற்சாலையில் முப்பது வருடத்துக்கு மேல் தரப் பரிசோதகராக இருந்தவர். பெரிய பெரிய குழாய்களைப் பற்றவைத்த இடங்களில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பது வேலை. ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு ஸ்ரீரங்கத்தில் எங்கள் பிளாட்டுக்கு நேர் எதிரே குடிவந்தார். மனைவி இறந்து வெகுகாலம் ஆகிவிட்டது, பிள்ளைகள் இல்லை. தொழிற்சாலையில் அவர் கையில் மூன்று முத்திரைகள் இருந்தனவாம். பாஸ், ரிஜெக்ட், சரிசெய்து மறுபடி கொண்டுவரச் சொல்லும் ரீவொர்க். முத்திரைகளை ஒப்படைத்துவிட்டு வந்தாரே தவிர, குத்துகிற பழக்கத்தை ஒப்படைக்கவில்லை. லிஃப்ட் ரிஜெக்ட். “அதோட கேபிளை நான் பார்க்கலையே சார்” என்று இரண்டு மாடியும் படியேறித்தான் வருவார். தெருமுனைக் கரும்புச்சாறு வண்டி ரிஜெக்ட். அந்த வண்டிக்காரர் முகத்துக்கு நேராகவே சொல்லுவார்: “உன் ஐஸை எந்தத் தண்ணில செஞ்சாங்கன்னு உனக்கே தெரியாது. எனக்கு எப்படிப்பா தெரியும்?”

எலுமிச்சம்பழம் வாங்க அவரோடு ஒருமுறை போனதுதான் நான் செய்த முதல் தவறு. கூடையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, உள்ளங்கையில் வைத்துக் கண்ணை மூடி எடை பார்ப்பார். தோலை நகத்தால் கீறி முகர்வார். நாற்பது பழத்தைப் புரட்டி ஆறு எடுத்தார். கூடைக்காரம்மா பொறுத்துப் பார்த்துவிட்டு, “பொண்ணு பார்க்கக்கூட இவ்வளவு நேரம் ஆவாதுங்க. எடுக்கறதுன்னா எடுங்க, இல்ல நீங்க இங்க குந்துங்க, நான் வீட்டுக்குப் போறேன்” என்றாள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஏழாவது பழத்தை எடுத்தார்.

ஆள் வந்து உட்கார்ந்த பிறகுதான் பழத்தை நறுக்குவார். முன்னாலேயே பிழிந்து வைத்த சாறு அவருக்குச் சாறு இல்லை. பழத்தை மேடையில் வைத்து உருட்டி, குறுக்குவாட்டில் நறுக்கி, கத்தி முனையால் விதைகளைத் தள்ளி, பாதிதான் பிழிவார். மீதியைப் பிழிந்தால் தோலின் கசப்பு இறங்கிவிடுமாம். சர்க்கரையோ உப்போ பானைத் தண்ணீரில் முழுசாகக் கரைந்த பிறகே சாறு அதில் சேரும். கரைந்ததா என்று டம்ளரைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்ப்பார். குழாயில் விரிசல் பார்த்த அதே கண்.

இதையெல்லாம்கூட மன்னித்துவிடலாம். கடைசியாக ஒன்று செய்வார் பாருங்கள், அதுதான் என்னால் தாங்க முடியாதது. ஸ்பூனால் ஒரு சொட்டு எடுத்து இடது உள்ளங்கையில் விட்டு நக்குவார். கூரையைப் பார்ப்பார். ஒரு சிட்டிகை எதையோ போடுவார். மறுபடி ஒரு சொட்டு, மறுபடி கூரை. நான் பைக் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

“சார், நேத்தும் இதே பழம், இதே சர்க்கரை, இதே தண்ணி. ருசி மட்டும் எப்படி சார் மாறும்?”

“நேத்து நேத்து பார்த்தது. இன்னிக்கு இன்னும் பார்க்கலையே.”

ஒரு வருடம் சித்திரைத் தேருக்கு வடம் பிடித்து வருகிறவர்களுக்கு ஜூஸ் கொடுப்பதென்று எங்கள் குடியிருப்பில் முடிவாயிற்று. ஜூஸ் என்றதும் எல்லோரும் அவரைக் கைகாட்டினார்கள். அவருடைய ஜூஸைக் குடிக்கக் காத்திருந்து பழக்கமில்லாதவர்கள். காலை ஐந்து மணிக்கே அண்டாவும் பழமும் வந்து இறங்கின. முதல் அண்டா தயாரானபோது, யாரோ ஒரு அழுகல் பழத்தையும் சேர்த்துப் பிழிந்திருப்பது அவர் நாக்குக்குத் தெரிந்துவிட்டது. அண்டாவைச் சாய்த்து அத்தனையையும் சாக்கடையில் விட்டார். குடியிருப்புச் சங்கச் செயலாளர் தலையில் கைவைத்துக்கொண்டார். இரண்டாவது அண்டா உருவாகி, உள்ளங்கைக்கு வந்து, கூரைக்குப் பதிலாக வானத்தைப் பார்த்து, ஒரு பிடி உப்புச் சேர்ந்து, மறுபடி உள்ளங்கைக்கு வந்தபோது தேர் நிலைக்கு வந்துவிட்டது. கூட்டம் கலைந்துபோனது. முந்நூறு காகித டம்ளர்களோடு நாங்கள் நின்றோம்.

“இப்ப சரியா இருக்கு, கொடுங்க” என்றார் அவர்.

“யாருக்கு சார் கொடுக்கறது? பெருமாளே வீட்டுக்குப் போயிட்டாரு!” என்று செயலாளர் கத்தினார்.

இப்படிப்பட்டவரிடம்தான் நான் என் பெண்ணை ஒப்படைக்க வேண்டியதாயிற்று.

நிவேதாவுக்கு அப்போது பதின்மூன்று வயது. எட்டாம் வகுப்பில் இருந்தபோது திடீரென்று இளைத்தாள், தண்ணீராகக் குடித்தாள். சர்க்கரை நோய், அதுவும் வாழ்நாள் முழுக்க இன்சுலின் போட்டாக வேண்டிய வகை என்றார்கள். அன்றிலிருந்து எனக்கு நிம்மதியான தூக்கம் இல்லை. நான் பாலிடெக்னிக்கில் பாடம் நடத்துகிறேன். வீடு திரும்ப ஆறு மணி. என் மனைவிக்கு துறையூரில் பள்ளி வேலை. பஸ் பிடித்து வர ஏழு. பள்ளி வேன் நிவேதாவை நாலேகாலுக்கு இறக்கிவிடும். நடுவே இருந்த அந்த இரண்டு மணி நேரம் எதிர்வீட்டில். அவசரத்துக்கு அவர் சாவி ஒன்று எங்களிடமும் எங்கள் சாவி ஒன்று அவரிடமும் இருந்தன.

டாக்டர் கொடுத்த குறிப்புத்தாளை அவரிடம் காட்டியபோது கண்ணாடியை மாட்டிக்கொண்டு மூன்று முறை படித்தார். “இத நான் பார்த்து எழுதிக்கட்டுமா?” என்றார். நான்தான் பொறுமையில்லாமல் குறுக்கே புகுந்தேன்.

“சார், அதெல்லாம் நாங்க பார்த்துக்கறோம். நீங்க ஒண்ணே ஒண்ணு செஞ்சா போதும். அவளுக்கு இனிப்பா எதுவும் கொடுத்துடாதீங்க. ஜூஸ் கொடுத்தா உப்பு ஜூஸ்.”

“சரி. உப்பு.”

என் வீட்டில் சர்க்கரை டப்பா, வெல்லம், தேன் எல்லாவற்றையும் ஒரே நாளில் ஒழித்தேன். அவசரத்துக்கு வைத்திருந்த குளுக்கோஸ் பாக்கெட்டுகளைக்கூட, அவள் எடுத்துத் தின்றுவிடுவாளோ என்று பீரோவில் பூட்டினேன். பள்ளிப் பைக்குள் ஒன்றே ஒன்று இருக்கும். இவ்வளவு செய்தும் மாலை நேரத்தில் விரலில் குத்திப் பார்த்தால் முந்நூறைத் தொடும். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, மூன்று வாரம்.

“நிவி, தாத்தா என்ன கொடுத்தாரு?”

“ஜூஸ்.”

“இனிப்பா?”

“உப்புப்பா. எத்தன தடவ கேப்ப?”

எனக்கு நம்பிக்கையில்லை. குழந்தை முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு இரண்டு ஸ்பூன் போட்டுவிடுகிறார், அவரைக் காட்டிக் கொடுக்காமல் இவள் பொய் சொல்கிறாள் என்று முடிவு கட்டினேன். சாட்சியும் கிடைத்தது. அவர் சமையலறை அலமாரியில் மூடியிட்ட எவர்சில்வர் டப்பாவில் சர்க்கரை இருந்தது. அவரோ உப்பு ஜூஸ் மட்டுமே குடிப்பவர், காபியும் சர்க்கரையில்லாமல் குடிப்பவர். நிவேதாவுக்கு நோய் என்று தெரிந்ததிலிருந்து எனக்கும் உப்பு ஜூஸ்தான். ஆனால் நான் போகும்போதெல்லாம் டப்பாவில் சர்க்கரை குறைந்துகொண்டே இருந்தது. யாருக்குப் போகிறது?

டாக்டரிடம் எண்களைக் காட்டினேன். மதிய இன்சுலினைக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தார். அந்தச் சனிக்கிழமை எதிர்வீட்டு சார் முடிவெட்டப் போயிருந்த நேரத்தில் நான் ஒரு காரியம் செய்தேன். மருந்துக் கடையில் சர்க்கரை நோயாளிகளுக்கென்று ஒரு இனிப்புப் பொடி விற்கிறது; பார்வைக்குச் சர்க்கரை மாதிரியே மணி மணியாக இருக்கும், உடம்பில் சர்க்கரையை ஏற்றாது. எங்களிடம் இருந்த சாவியால் அவர் வீட்டைத் திறந்து, டப்பாவிலிருந்த சர்க்கரையைக் கொட்டிவிட்டு, அதே அளவுக்கு அந்தப் பொடியை நிரப்பி மூடினேன். வெளியே வந்தபோது என் சாமர்த்தியத்தை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது. அவரிடம் வாதம் செய்ய வேண்டியதில்லை, அவரும் இரக்கப்பட்டுக்கொள்ளலாம், பெண்ணுக்கும் ஒன்றும் ஆகாது.

திங்கட்கிழமை மதியத்துக்கு மேல் எனக்கு இரண்டு வகுப்புகள். போனைச் சத்தமில்லாமல் வைத்திருந்தேன். ஐந்து மணிக்கு எடுத்துப் பார்த்தால் எதிர்வீட்டு சாரிடமிருந்து ஒன்பது அழைப்புகள்.

நடந்ததை நிவேதா சொல்லித்தான் முழுசாகக் கேட்டேன். அன்று கடைசிப் பீரியடில் கோ-கோ பயிற்சி. வேனிலேயே கை நடுங்கியிருக்கிறது. பையில் இருந்த குளுக்கோஸைப் போன வாரமே தோழிகளோடு சேர்ந்து நக்கித் தீர்த்திருந்தாள். எதிர்வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது தள்ளாடினாள். வியர்வை ஊற்றியது. பேச்சு குழறியது. அவர் அவளை சோபாவில் உட்கார வைத்து விரலில் குத்திப் பார்த்தார். ஐம்பத்திரண்டு. சர்க்கரை விழுந்துகொண்டிருந்தது.

சமையலறைக்குப் போய் டப்பாவைத் திறந்தார். அரை டம்ளர் தண்ணீரில் மூன்று ஸ்பூன். கரைத்தார். டம்ளரை அவள் வாயருகே கொண்டுவந்தார். அங்கே நின்றார்.

“அப்பா, எனக்குக் கண்ணெல்லாம் இருட்டுது. தாத்தா ஸ்பூன எடுத்து உள்ளங்கைல ஒரு சொட்டு விட்டு நக்கறாரு. எனக்கு அழுகையே வந்துருச்சு. கொடுங்க தாத்தான்னு கேக்கறேன், சத்தமே வர மாட்டேங்குது.”

அவர் டம்ளரைத் தொட்டியில் கவிழ்த்தார். பால்கனிக்கு ஓடினார். தெருமுனையைப் பார்த்து, அந்த வயதில் அப்படியொரு குரல் இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது, கத்தினார்: “கரும்பு! ஒரு டம்ளர் மேல கொண்டா! ஐஸ் வேண்டாம்! ஓடி வா! புள்ள மயங்குது!”

எத்தனையோ முறை ரிஜெக்ட் என்று சொல்லப்பட்ட அந்த வண்டிக்காரர் இரண்டு மாடியும் படியில் ஓடிவந்தார். வாங்கிய கையோடு கரும்புச்சாற்றிலும் ஒரு சொட்டு உள்ளங்கையில் விழுந்தது. “யோவ், பெரியவரே, இப்பவுமா?” என்று வண்டிக்காரர் அலறினாராம். நக்கிய மறுநொடி டம்ளர் என் பெண்ணின் உதட்டில் இருந்தது.

நான் படியேறி மூச்சிரைக்க உள்ளே போனபோது நிவேதா டி.வி. பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் உப்பு பிஸ்கட். மேஜையில் ஒரு தாள்: பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை என்ன எண் என்று அவர் கையெழுத்தில் வரிசையாக. கடைசி எண் நூற்றுப் பத்து. கீழே கையொப்பம். நடந்ததை அவள் சொல்லி முடித்ததும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். நான் மாற்றி வைத்த பொடியைத்தான் என் பெண்ணின் வாய்வரை கொண்டுபோயிருக்கிறார். ருசி பார்க்காத வேறு யாராக இருந்தாலும் அதைக் கொடுத்துவிட்டு, சர்க்கரை ஏறிவிடும் என்று நம்பிக் காத்திருந்திருப்பார்கள். எத்தனை நிமிடம்? அதற்கு மேல் என்னால் இன்றுவரை நினைக்க முடிவதில்லை.

“ரெஸ்ட் எடுக்கட்டும். நாளைக்கு வாங்க” என்றார் அவர்.

மறுநாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். மேஜை நடுவில் அந்த எவர்சில்வர் டப்பா இருந்தது. மூடியைச் சுற்றிச் சிவப்பு டேப் ஒட்டியிருந்தது. தொழிற்சாலையில் தேறாத சாமானை அப்படித்தான் கட்டி வைப்பார்களாம்.

“உக்காருங்க. அஞ்சு நிமிஷம்.”

உருட்டினார், நறுக்கினார், விதை எடுத்தார். சிவப்பு டேப்பைப் பிரித்து டப்பாவிலிருந்து இரண்டு ஸ்பூன் போட்டார். கரைத்தார். ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு, நான் பார்த்து முதல் முறையாக, ருசி பார்க்காமல் டம்ளரை என் கையில் கொடுத்தார்.

குடித்தேன்.

“எப்படி இருக்கு?”

“வேற மாதிரி இருக்கு சார்.”

“வேற மாதிரின்னா?”

“மொதல்ல இனிக்குது. அப்புறம் நாக்குல ஒரு குளிர்ச்சி. கடைசில கசக்குது.”

“இது எப்ப தெரிஞ்சுது உங்களுக்கு?”

“இப்பத்தான் சார்.”

“மாத்தறதுக்கு முன்னாடி ஒரு சிட்டிகை நாக்குல வெச்சிருந்தா சனிக்கிழமையே தெரிஞ்சிருக்கும்.”

“சார், நான்தான்னு...”

“பூட்டு உடையல. சாவி உங்ககிட்டதான் இருக்கு. இதுக்கு முப்பது வருஷ சர்வீஸ் வேணுமா?”

எனக்குக் கோபம் வந்தது. கோபப்படுகிற இடத்தில் நான் இல்லை என்று தெரிந்தும் வந்தது. “தினமும் முந்நூறு வருது சார். உங்க டப்பா குறைஞ்சுகிட்டே போகுது. நான் என்னன்னு நினைக்கறது?”

“கேட்டிருக்கலாமே?”

“கேட்டா உப்புன்னுதானே சொல்லியிருப்பீங்க!”

“உப்புதானே கொடுத்தேன். வேற என்னன்னு சொல்றது?”

எழுந்துபோய் அலமாரிக் கதவைத் திறந்து காட்டினார். கதவின் உள்பக்கம் டாக்டரின் குறிப்புத்தாள், அவர் கையெழுத்தில் வரிக்கு வரி எழுதி ஒட்டியிருந்தது. பையிலிருந்து நிவேதா எடுத்துக் கொடுத்திருக்கிறாள். ‘சர்க்கரை குறைந்தால் உடனே: அரை டம்ளர் தண்ணீர், மூன்று ஸ்பூன் சர்க்கரை’ என்ற வரியின் கீழே சிவப்பு மையில் கோடு. டப்பா அதற்காகவே வாங்கியது. வெள்ளிக்கிழமைதோறும் ஒத்திகை பார்ப்பாராம். டப்பாவைத் திறப்பதிலிருந்து கரைத்து முடிப்பது வரை எத்தனை நொடி என்று கடிகாரத்தை வைத்துப் பார்த்துவிட்டு, ருசி பார்த்து, அதைக் கீழே கொட்டிவிடுவாராம். பக்கத்திலேயே நொடிக் கணக்கு எழுதியிருந்தது. தொண்ணூறில் தொடங்கி நாற்பதுக்கு வந்திருந்தார். ஒரு டம்ளர் ஜூஸுக்கு என்னை இருபத்தைந்து நிமிடம் காக்க வைத்த மனிதர்.

“அப்ப அந்த முந்நூறு?”

“அது எனக்குத் தெரியாது. நான் பார்க்கல. உங்க பொண்ணக் கேளுங்க.”

கேட்டேன். கேன்டீனில் தினமும் ஒரு பஃப்ஸும் ஒரு கூல்டிரிங்க்கும். தோழி வாங்கித் தருவாளாம். அந்தத் திங்கட்கிழமை கேன்டீன் மூடியிருந்தது. முந்நூறைப் பார்த்துக் கூட்டிய இன்சுலின், சாப்பிடாத பஃப்ஸ், கோ-கோ. மூன்றும் சேர்ந்த நாளில் சர்க்கரை டப்பாவில் சர்க்கரை இல்லை.

அவர் வீட்டை விட்டுக் கிளம்பும்போது தயங்கி நின்றேன். “சார், கரும்புச்சாறையும் ருசி பார்த்தீங்களாமே. அந்தப் பதட்டத்துல எப்படி சார் தோணுச்சு?”

“பதட்டத்துலதான் பார்க்கணும். நிதானமா இருக்கறப்ப யாரும் தப்புப் பண்றதில்ல.” பிறகு கேட்டார்: “வீட்டுல சொல்லிட்டீங்களா?”

“இல்ல.”

“நான் சொல்ல மாட்டேன். நீங்க சொல்லிடுங்க.”

சொன்னேன். என் மனைவி நான்கு நாள் என்னோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் பேசியபோது, பேசாமலே இருந்திருக்கலாம் என்று இருந்தது.

அவர் அதற்குப் பிறகும் எங்கள் சாவியைத் திருப்பித் தரவில்லை, அவர் சாவியையும் கேட்டு வாங்கவில்லை. அதைவிட எரிச்சல் ஒன்று இருந்தது. அதன் பிறகு ஒவ்வொரு முறையும் என் முன்னால், புதிதாகச் சர்க்கரை நிரப்பிய டப்பாவைத் திறந்து, ஒரு சிட்டிகையைத் தன் நாக்கில் வைத்துவிட்டு, இன்னொரு சிட்டிகையை என்னிடம் நீட்டுவார். முகத்தில் சிரிப்பும் இருக்காது, குத்தலும் இருக்காது. நானும் வாயைத் திறந்து வாங்கிக்கொள்வேன். கல்லூரிக்கு நேரமாகிக்கொண்டிருக்கும்.

“ஒருதரம் கையெழுத்துப் போட்டு வாங்கிக்குங்க சார், தினமும் எதுக்கு?” என்று ஒருநாள் வெடித்துவிட்டேன்.

“ரிஜெக்ட்டுன்னா தூக்கிப் போட்டுடலாம். ரீவொர்க்குன்னா திரும்பத் திரும்பப் பார்த்துகிட்டுதான் இருக்கணும்” என்றார். டப்பாவைப் பற்றிச் சொல்கிறார் என்றுதான் படியிறங்கும்வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு வருடத்துக்கு முன் மருங்காபுரிப் பக்கம் தம்பி வீட்டோடு இருக்கப் போய்விட்டார். அங்கே எந்தக் கூடைக்காரம்மாவைப் பாடாய்ப் படுத்திக்கொண்டிருக்கிறாரோ. சாமான் ஏற்றிய வேன் கிளம்பிய அன்று, கரும்புச்சாறு வண்டிக்காரர் ஒரு டம்ளர் கொண்டுவந்து கொடுத்தார். வாங்கி, உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு, வெகுநேரம் வானத்தைப் பார்த்துவிட்டு, “இஞ்சி கொஞ்சம் தூக்கலா இருக்குப்பா” என்றார். வேன் டிரைவர் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார்.

போன வாரம் நிவேதாவை ஹாஸ்டலில் சேர்ப்பதற்காகப் பெட்டி கட்டினோம். இன்சுலின், ஊசி, சர்க்கரை பார்க்கும் கருவி, அதற்கான பட்டைகள், எல்லாம் தனித்தனியாக. அவசரத்துக்குச் சின்ன டப்பாவில் சர்க்கரை. நான்தான் கடையில் வாங்கினேன், நான்தான் பாக்கெட்டைப் பிரித்துக் கொட்டினேன். மூடப்போன கை நின்றது. ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தேன்.

“அப்பா, அது சர்க்கரதான்ப்பா. ஆட்டோ வந்துருச்சு.”

“தெரியும்மா.”

“அப்புறம் என்ன?”

இன்னொரு சிட்டிகை எடுத்தேன். கீழே ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். “அஞ்சு நிமிஷம்” என்றேன்.